மூன்றாவது முடிச்சும் ஒரு சின்ன பாட்டில் கல்லும்

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. பெங்களூரு ஜோகுபாளையத்தில், ஒரே காம்பவுண்டுக்குள் ஐந்தாறு வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்குமே, அந்த மாதிரி ஒரு வரிசை வீட்டில் அப்போது குடியிருந்தோம். நான் ப்ளம்பர். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். எழுத்தில் தப்பு இருந்தால் பிள்ளைகளே, நீங்கள் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

என் மனைவிக்கு ஒரே தம்பி. சின்ன வயசிலேயே அம்மாவை இழந்தவர்கள். தம்பிக்குத் தலைசீவி, டிபன் கட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தது எல்லாம் இவள்தான். அந்தத் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சு மட்டும்தான் போடுவார். மற்ற இரண்டு முடிச்சையும் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ போடவேண்டும். நாத்தனார் முடிச்சு என்று சொல்வோம். பெண்ணுக்குப் பின்னால் நின்று அந்த முடிச்சைப் போடப்போவதை நினைத்து என் மனைவிக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சொந்தக்காரர் வீட்டில் வேறொரு கல்யாண வீடியோ போட்டார்கள். அப்போதெல்லாம் கல்யாண வீடியோ வந்துவிட்டால் அக்கம்பக்கமே டிவி முன்னால் உட்கார்ந்து பார்க்கும். முகூர்த்த நேரம். கண் கூசுகிற லைட் வெளிச்சத்தில் ஒரு முதுகு மட்டும் டிவி முழுக்கத் தெரிந்தது.

"யாருங்க அந்தம்மா, பொண்ணு மாப்பிள்ளையை மறைச்சிக்கிட்டு நிக்கிறது?" என்று என் மனைவி கேட்டாள்.

மூன்றாவது படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள்தான் சொன்னாள், "அம்மா, அது நீதான்."

எல்லோரும் சிரித்தோம். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது என் மனைவிதான். ஆனால் மறுநாள் காலையிலிருந்து அவள் டிபன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

காலையில் வெந்நீரில் எலுமிச்சம்பழம் பிழிந்து ஒரு டம்ளர். மத்தியானம் ஒன்றும் கிடையாது. சாயங்காலம் கொஞ்சம் சோறு. வெள்ளிக்கிழமை விரதம் என்று அதுவும் இல்லை. "ஏன் இப்படிப் பட்டினி கிடக்கிறே?" என்று கேட்டால், "கல்யாணம் முடியட்டும், உங்க பங்கையும் சேர்த்துச் சாப்பிடறேன்" என்பாள். எங்களுக்கு மட்டும் தோசைமேல் தோசையாகச் சுட்டுப் போடுவாள்.

பக்கத்து வீட்டில் ஒரு கன்னடக்கார அக்கா இருந்தார். ஜாக்கெட் தைப்பவர். என் மனைவியை அவர் கூப்பிடுவது "ஹுடுகி" என்றுதான். கன்னடத்தில் பெண்ணே என்கிற மாதிரி. கல்யாணத்துக்கான பட்டு ஜாக்கெட் அவரிடம்தான் தைக்கக் கொடுத்திருந்தது. தைத்து முடித்தார், தொளதொளவென்று ஆகிவிட்டது. பிரித்துப் பிடித்துத் தைத்தார், மறுபடியும் தொளதொளவென்று ஆனது. "ஏ ஹுடுகி, இனிமே என்னாலே ஆகல்ல. பிரிச்சுப் பிரிச்சு ஊசி ஓட்டைதான் மிச்சம். நீ இளைச்சு முடிச்சு வா, அப்புறம் ஜாக்கெட்டைப் பாக்கலாம்" என்று தைத்ததை மடித்து வைத்துவிட்டார்.

ஊரே அவளைப் புகழ்ந்தது. "என்னடி, காலேஜ் பொண்ணு மாதிரி ஆயிட்டே!" என்றார்கள். தண்ணீர் பிடிக்கிற இடத்தில், மளிகைக் கடையில், கோயில் வாசலில் எங்கே போனாலும் இதே பேச்சு. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பத்திரிகை வைக்கப் போக ஆரம்பித்தோம். முதலில் ஈஜிபுராவில் இருந்த என் சித்தப்பா வீடு. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்பினால் அது மரியாதையா? நெய் சோறு, கறிக்குழம்பு, வடை, பாயசம் என்று இலை நிறைந்துவிட்டது. மாதக்கணக்கில் பட்டினி கிடந்தவள், சித்தி கோபித்துக்கொள்வாரே என்று எல்லாவற்றையும் சாப்பிட்டாள்.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் வலி வந்துவிட்டது. வலதுபக்க விலாவுக்குக் கீழே பிடித்து இழுக்கிறது என்றாள். அங்கிருந்து முதுகுக்கும் வலது தோளுக்கும் போகிறது என்றாள். உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. வாந்தி வேறு. கேஸாக இருக்கும் என்று நான் ஓடிப்போய் சோடா வாங்கிவந்தேன். அதையும் வாந்தி எடுத்தாள்.

சத்தம் கேட்டு அக்கா வந்தார். வந்தவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஒரே பார்வைதான் பார்த்தார்.

"திருஷ்டி தம்பி, திருஷ்டி! இத்தனை ஜனம் இவளைப் பாத்து இளைச்சுட்டே, அழகாயிட்டேன்னு சொன்னா என்ன ஆகும்?"

ஒரு பழைய சட்டியில் நெருப்பு எடுத்துவந்தார். காய்ந்த மிளகாய், கல்லுப்பு, கடுகு எல்லாவற்றையும் கைக்குள் வைத்து அவளைச் சுற்றி நெருப்பில் போட்டார். மிளகாயை நெருப்பில் போட்டால் நெடி ஏறி இருமல் வரவேண்டும். நெடி வராவிட்டால் திருஷ்டி பலமாக இருக்கிறது என்று அர்த்தம். "நோடு, இங்க பாரு, நெடியே இல்ல. எவ்வளவு கண்ணு பாரு!" என்றார் அக்கா. எனக்கு லேசாகத் தொண்டை கமறின மாதிரிதான் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் அவரிடம் வாதாட முடியுமா?

கொஞ்ச நேரத்தில் வலி அப்படியே அடங்கிவிட்டது. என் மனைவி எழுந்து முகம் கழுவி, எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். எனக்கு வந்த ஆச்சரியத்தைச் சொல்லி முடியாது.

அதற்கப்புறம் இதுவே வாடிக்கை ஆகிவிட்டது. பத்திரிகை வைக்கப் போவோம், விருந்து நடக்கும், நாலு பேர் அவள் இளைத்ததைப் பற்றிப் பேசுவார்கள், வீட்டுக்கு வந்ததும் வலி பிடிக்கும். அக்கா சட்டியோடு வருவார். சுற்றிப் போட்டதும் கொஞ்ச நேரத்தில் வலி போய்விடும். பிள்ளைகளே, நீங்களே சொல்லுங்கள், எங்கள் இடத்தில் இருந்தால் நீங்களும் நம்பியிருக்கமாட்டீர்களா? மருந்துக்கடையில் கேட்டு கேஸ் மாத்திரையும் வாங்கிக் கொடுத்தேன். டாக்டரிடம் போகலாம் என்று ஒருமுறை சொன்னபோது, "வலிதான் போயிடுதே, எதுக்கு?" என்று என் மனைவி தட்டிக்கழித்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் சொந்தக்காரர்களுக்கு பிரியாணி. சமைத்ததும் அவள்தான், பரிமாறியதும் அவள்தான். கடைசியில் இரண்டு வாய் சாப்பிட்டாள். பாத்திரம் தேய்க்க எழுந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இந்த வலி முன்னே வந்த மாதிரி இல்லை. உடம்பு அனலாகக் கொதித்தது, ஆனால் குளிரில் பல் தட்டியது. போர்வைக்குமேல் போர்வையாகப் போர்த்தினோம். மகள் ஒரு மூலையில் எங்கள் சின்னப் பையனை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா சட்டியோடு வந்தார். சுற்றினார். நெருப்பில் போட்டார்.

வீடு முழுக்க நெடி. அத்தனை பேருக்கும் இருமல். குழந்தைக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

அக்கா குனிந்து, என் மனைவியின் தாடையைப் பிடித்து முகத்தை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். பார்த்தவர் சட்டியை எடுத்துப்போய் வெளியே வைத்துவிட்டு வந்தார்.

"தம்பி, நெடி ஏறுது. இது கண்ணு இல்ல. இது என் கெலசா இல்ல, என் வேலை இல்ல. ஆட்டோ கூப்பிடு."

எங்கள் சித்தி விடவில்லை. "இன்னொரு தடவை சுத்திப் பாருங்களேன்மா. போனதடவை கேட்டுச்சே."

"இன்னொரு தடவை சுத்தினா எனக்குத்தான் மயக்கம் வரும். ஏய், யாராவது ஆட்டோ கூப்பிடுங்கப்பா! பேகா, சீக்கிரம்!"

என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா பெட்ல போட்டுருவாங்க. அப்புறம் என் தம்பி கல்யாணத்துல முடிச்சு யார் போடறது?"

"முதல்ல நீ நேரா நில்லு ஹுடுகி. முடிச்சை அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே அக்கா அவளைத் தூக்கி ஆட்டோவில் உட்காரவைத்து, தானும் ஏறிக்கொண்டார். வீட்டைப் பூட்டினாரா இல்லையா என்றுகூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. வலது விலாவுக்குக் கீழே டாக்டர் விரலை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னதும் அவள் "அம்மா" என்று கத்திவிட்டாள்.

"இதுக்கு முன்னாடி இப்படி வலி வந்திருக்கா? தானா போயிடுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "தானா போகல்ல டாக்டரம்மா. நான் சுத்திப் போட்டேன், போச்சு."

"அப்ப இன்னைக்கு ஏன் இங்க கூட்டிட்டு வந்தீங்க?"

"இன்னைக்கு நெடி வந்துச்சு."

டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று நான் பயந்தேன். அவர் ஒரு நிமிஷம் அக்காவையே பார்த்தார். "நல்லவேளை வந்துச்சு. இன்னும் தாமதம் பண்ணியிருந்தா உயிருக்கே ஆபத்து ஆகியிருக்கும்" என்றார்.

பிறகு என் மனைவியிடம் கேட்டார், "சமீபத்துல வெயிட் வேகமா குறைஞ்சுதா?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றாள் இவள்.

"சுள்ளு! பொய்! இவ ஜாக்கெட்டைப் பிரிச்சுப் பிரிச்சு என் கை வலிக்குது. காலையில எலுமிச்சை ஜூஸ், அவ்வளவுதான். கேளுங்க, நல்லா கேளுங்க!" என்றார் அக்கா. அந்த வலியிலும் என் மனைவி அவரை முறைத்தாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பை நிறையக் கல், அதில் ஒன்று குழாய்க்குள் இறங்கி அடைத்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். எனக்குப் புரியவில்லை. டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். அன்றைக்கு அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் வயிற்றின் வலதுபக்கம், கல்லீரலுக்குக் கீழே சின்னக் கத்திரிக்காய் மாதிரி ஒரு பை இருக்கிறது. கல்லீரல் சுரக்கிற பித்தநீர் அதில்தான் சேர்ந்திருக்கும். எண்ணெய், நெய், கறி என்று சாப்பிடும்போது அந்தப் பை சுருங்கி, பித்தநீரைக் குழாய் வழியாகக் குடலுக்கு அனுப்பும். கொழுப்பு செரிக்க அது வேண்டும். பட்டினி கிடந்தால் பைக்கு வேலை இல்லை. பித்தநீர் அங்கேயே தேங்கிக் கெட்டியாகும். உடம்பு வேகமாக இளைத்தாலும் பித்தநீரில் கொழுப்பு அதிகமாகும். இப்படிப் படிந்து படிந்துதான் கல் உண்டாகிறது.

"தொட்டியில தண்ணி ஓடாம நின்னா அடியில படியுமே, அதுமாதிரியா மேடம்?" என்று கேட்டேன். "கிட்டத்தட்ட அப்படித்தான்" என்றார். விருந்துச் சாப்பாட்டுக்குப் பை சுருங்கும்போது கல் வந்து வாயை அடைக்கும், வலிக்கும். கொஞ்ச நேரத்தில் கல் பின்னால் உருண்டுவிட்டால் வலியும் போய்விடும். எனக்கு அப்போதுதான் தலையில் மணி அடித்தது. அக்கா மிளகாய் சுற்றிய நேரமும் கல் உருண்ட நேரமும் ஒன்றாக இருந்திருக்கிறது! அன்றைக்குக் கல் உருளவில்லை. குழாய்க்குள் மாட்டிக்கொண்டது. அதனால்தான் காய்ச்சல், அதனால்தான் கண்ணில் மஞ்சள்.

"பட்டினி கிடந்தா எல்லாருக்கும் கல் வரும்னு சொல்லல. குண்டா இருந்தாலும் வரும், பரம்பரையாவும் வரும், பிள்ளை பெத்த பெண்களுக்கு அதிகமா வரும். நிறைய பேருக்குக் கல் இருக்கிறதே தெரியாது. உடம்பைக் குறைக்கணும்னா மெதுவா குறைக்கணும். நேரத்துக்கு அளவா சாப்பிட்டுக்கிட்டே குறைக்கணும்" என்றார் டாக்டர்.

ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்றார்கள். விஷயம் கேள்விப்பட்டு மச்சான் ஓடிவந்தான். வாலிபப் பையன், வார்டில் எல்லோர் முன்னாலும் அழுதான். "அக்கா, கல்யாணத்தைத் தள்ளி வெச்சிடறேன்கா."

"தள்ளி வெச்சே, காதைத் திருகிடுவேன். ஒரு பொண்ணு உனக்காக மருதாணி வெச்சிக்கக் காத்திருக்கா. போ, போய் ஷேவ் பண்ணு, பிச்சைக்காரன் மாதிரி இருக்கே" என்று விரட்டினாள். அவன் வெளியே போனதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள் குலுங்கியதை நான் மட்டும் பார்த்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பையையே எடுத்துவிட்டார்கள். பை இல்லாமலும் மனிதன் வாழலாமாம். பக்கத்தில் ஒரு ட்யூப் தொங்கியது, கையில் டிரிப். கல்யாணத்துக்குப் போக வழியே இல்லை.

கல்யாண நாள் காலை. பிள்ளைகள் இரண்டையும் சித்தியோடு மண்டபத்துக்கு அனுப்பிவிட்டு நான் அவளோடு இருந்தேன். முகூர்த்த நேரம் நெருங்கநெருங்க அவள் சுவர்க் கடிகாரத்தையே பார்த்தாள். போர்வைக்கு அடியில் அவள் கை என்னவோ செய்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். துண்டின் ஓரத்தில் ஒரு கையாலேயே தளர்வாக இரண்டு முடிச்சுப் போட்டிருந்தாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. டீ வாங்கப் போகிற மாதிரி வெளியே போய் நின்றுகொண்டேன்.

மத்தியானம் வராந்தாவில் சலசலப்பு. கொலுசு சத்தம். பட்டுப்புடவை, கழுத்தில் மாலையோடு மணப்பெண் வந்து நின்றாள். பின்னால் மச்சான். அவனுக்குப் பின்னால் எங்கள் பிள்ளைகளை ஆளுக்கொரு கையில் பிடித்துக்கொண்டு அக்கா.

மணப்பெண் நேராக வந்து கட்டிலில், என் மனைவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தாலிக் கயிற்றை மாலைக்கு வெளியே எடுத்துவிட்டாள்.

"அண்ணி, இன்னும் கல்யாணம் முடியல. ஒரு முடிச்சு பாக்கி இருக்கு."

விஷயம் இதுதான். முகூர்த்தத்தில் மச்சான் முதல் முடிச்சுப் போட்டான். இரண்டாவதை ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி போட்டாள். மூன்றாவதற்கு அவள் கையை நீட்டியபோது, குனிந்த தலை நிமிராமல் இந்தப் பெண் சொல்லியிருக்கிறாள், "அது எங்க அண்ணியோட முடிச்சு. நாங்க போய் போட்டுக்கிறோம்." பெரியவர்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்களாம். ஐயர்கூட, "சரி, மேளம் நிக்காம வாசிங்கோ" என்று சொல்லிவிட்டாராம்.

நர்ஸ் ஓடிவந்து, "டிரிப் கை ஆடக்கூடாது" என்றார். ஒரு கையால் எப்படி இறுக்கி முடிச்சுப் போடுவது? அக்கா வந்து கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டார். "நீ இழு ஹுடுகி, நான் பிடிச்சிருக்கேன்." இரண்டு பேரும் சேர்ந்து அந்த மூன்றாவது முடிச்சைப் போட்டார்கள். பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள் எல்லாம் கை தட்டினார்கள். மேளம் இல்லாத குறையை எங்கள் பையன் அலுமினியத் தட்டைத் தட்டித் தீர்த்துவைத்தான்.

வீடியோக்காரரும் லைட்டோடு வந்திருக்கிறார். வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். அதனால் எந்த வீடியோவுக்காக அவள் பட்டினி கிடந்தாளோ, அந்த வீடியோவில் கடைசிவரை அவள் இல்லை.

டிஸ்சார்ஜ் ஆகும்போது கல்லையெல்லாம் ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். பழுப்பாக, கொத்துக்கடலை மாதிரி இருந்தது. அக்கா பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தார். "அய்யோ தேவரே, இதுக்கா நான் அவ்வளவு மிளகாயை எரிச்சேன்! மிளகாய் விக்கிற விலையில!"

பிறகு ஒருநாள் அவரிடம் கேட்டேன், "அக்கா, அன்னைக்கு மட்டும் எப்படி நெடி வந்துச்சு?" ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னார், "மிளகாய்னா எப்பவும் நெடி வரும் தம்பி. அன்னைக்கு நான் மிளகாயைப் பாத்துச் சொல்லல்ல. அவ கண்ணைப் பாத்துச் சொன்னேன்."

பட்டு ஜாக்கெட்? என் மனைவி உடம்பு தேறி, நேரத்துக்குச் சாப்பிட ஆரம்பித்ததும் அது பத்தவில்லை. உள்ளே பிடித்த தையலையெல்லாம் அக்காவே உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தார். ஊசி ஓட்டை வரிசைவரிசையாக இன்னும் அதில் தெரியும். என் மச்சான் பிள்ளையின் பெயர் சூட்டு விழாவுக்கு அதைத்தான் போட்டுக்கொண்டாள்.

இப்போது எங்கள் மகள் வேலைக்குப் போகிறாள். போனமாதம் அவளும், "காலையில வெறும் காபி போதும்மா, வெயிட் போடுது" என்று ஆரம்பித்தாள். அவள் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அலமாரியிலிருந்து அந்தச் சின்ன பாட்டிலை எடுத்துவந்து இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மகள் பாட்டிலைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

பிள்ளைகளே, எங்கள் வீட்டுக்கு யாராவது ரொம்ப இளைத்துப்போய் வந்தால், அழகாகிவிட்டாய் என்று சொல்ல இன்றைக்கும் எனக்கு நாக்கு எழுவதில்லை, "சாப்பிட்டியாம்மா?" என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது.